பர்மனெண்டா, கான்ட்ராக்டா?

1

2025 ஜனவரி 13, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். ஸ்கார்பரோ, கனடா. வெளியே மைனஸ் பதினொன்று. காற்றையும் சேர்த்தால் மைனஸ் பத்தொன்பது என்கிறது தொலைபேசி. பனி நின்றுவிட்டது, ஆனால் வாசல்படி தெரியவில்லை. நாளை பொங்கல். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் புகை அலாரம் அலறும் என்பதால், பொங்குவதற்கு ஒரு விரற்கடை முன்பே அடுப்பை அணைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

இந்தக் குறிப்பை எழுத வைத்தது பண்டிகை அல்ல, வெள்ளிக்கிழமை வந்த ஒரு மின்னஞ்சல். சோபாவும் மெத்தையும் விற்கும் ஒரு கடையில் நான் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள் விற்றேன். பிறகு விற்பவர்களைப் பழக்குகிற வேலை. இப்போது வயதாகிவிட்டதால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போகிறேன். தலைமை அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் ஒரு பெண்மணி கேட்டிருக்கிறார்: நீங்கள் பயிற்சி கொடுத்தவர்களில் எத்தனை பேர், கற்றுக்கொண்டதை ஆறு மாதம் கழித்தும் செய்கிறார்கள்?

இத்தனை ஆண்டுகளில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள், வகுப்பு பிடித்திருந்ததா என்றுதான் கேட்பார்கள். மூன்றுக்கும் என்னிடம் எண்கள் உண்டு. இதற்கு மட்டும் இல்லை. இங்கே எல்லாப் பயிற்சியும் கணினித் திரையில் நடக்கிறது. கடைப் பிள்ளைகள் பயிற்சிப் படத்தை ஓடவிட்டுவிட்டுத் தொலைபேசியைப் பார்ப்பார்கள். கடைசியில் பத்துக் கேள்வி வரும், நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். மூன்றாவது வாரம் பார்த்தால், கடைக்குள் வருகிறவரிடம் பழையபடி, 'சும்மா பார்க்க வந்தீர்களா?' என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் நெய்வேலியில் ஐந்து பேரைப் பற்றி என்னால் பதில் சொல்ல முடியும். அதைத்தான் எழுதுகிறேன்.

2

டவுன்ஷிப் எல்லை தாண்டி வடக்குத்து கிராமத்துப் பக்கம் வந்தால் என் தம்பி தண்டபாணியின் கடை இருக்கிறது. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், மின்விசிறி. எங்கள் அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நாங்கள் இருவரும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். நாற்பது வயதுக்கு மேல் நான் கனடா வந்துவிட்டேன். தண்டபாணி அங்கேயே இருந்தான்.

நெய்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தால், பெயருக்கு அடுத்து வருவது அவர் சுரங்கத்தில் பர்மனெண்டா, கான்ட்ராக்டா என்பதுதான். பெண் கொடுப்பதற்கும் வீடு வாடகைக்கு விடுவதற்கும் இதுதான் முதல் கேள்வி. தண்டபாணி கடையிலும் அப்படியே. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விற்பனையாளர் கேட்டுவிடுவார். பர்மனெண்ட் என்றால் ஏசி ஓடும் உள் அறை, நாற்காலி, தண்ணீர். கான்ட்ராக்ட் என்றால் வலப்பக்கம் மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் இருக்கிற சுவர். காரணம் தவணை. பர்மனெண்ட் ஆள் சம்பளச் சீட்டைக் காட்டி வாங்கிவிடலாம். கான்ட்ராக்ட் ஆள் தனக்கு ஜாமீனாக ஒரு பர்மனெண்ட் ஆளின் கையெழுத்தைக் கொண்டுவர வேண்டும்.

போன ஆண்டு ஜூலையில் நான் ஊருக்குப் போனபோது தண்டபாணி கவலையில் இருந்தான். பர்மனெண்ட் ஆட்கள் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர்களுக்குப் போகிறார்கள். இருக்கிற ஜனங்களில் பெரும்பாலோர் கான்ட்ராக்ட். அவர்கள் இவன் கடையைத் தாண்டி, பஸ் ஏறி, பண்ருட்டிக்குப் போய் வாங்குகிறார்கள்.

"அண்ணே, நீ அங்க ட்ரெய்னிங் குடுக்கிற ஆளு. கடையில நிக்கிற இதுங்களுக்கும் ரெண்டு நாள் க்ளாஸ் எடுத்துட்டுப் போ. வாயத் தொறந்தா மேல விழுந்து புடுங்குதுங்க" என்றான்.

எடுத்தேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், மேல்மாடி குடோனில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், ஐந்து பேருக்கு இரண்டு நாள். தண்டபாணி மூன்று நிமிடம் பேசித் தொடங்கிவைத்துவிட்டு, "கல்லாவ யாரு பாக்கிறது?" என்று இறங்கிப் போய்விட்டான். நான் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்றுதான். வருகிறவர் யாராக இருந்தாலும் உட்காரச் சொல்லுங்கள். வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எப்படி, எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். தவணை பற்றிய பேச்சும் அந்தக் கேள்வியும் பில் போடும் இடத்தில் வரட்டும். வாசலில் வேண்டாம்.

ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர்களோடு இத்தனை காலம் பழகியதில் என் நாக்கு மாறியிருக்கிறது. "வாடிக்கையாளரைக் கதைக்க விடுங்கள்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

"கதையா? எங்க மாமியாரு கதைய ஆரம்பிச்சா கடைய சாத்தினப்புறமும் முடியாது சார்" என்றாள் ஜோதி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்து பேரில் ஒரே பெண் ஜோதிதான். வடக்குத்துக்காரி, முப்பதுக்குள் வயது. அவள் பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். கணவன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அடியில் மண் அள்ளும் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அவனுக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ வேலை இருக்காது. அந்த மாதங்களில் ஜோதியின் ஒன்பதாயிரம்தான் வீட்டுக்கு.

கடைசியில் ஐவருக்கும் லேமினேட் செய்த சான்றிதழ் கொடுத்தேன். படம் எடுத்துக்கொண்டோம். நான் நான்கு நாள் பழனிக்குப் போய்விட்டேன்.

3

திரும்பி வந்து கடையில் ஒரு வாஷிங் மெஷின் ஓரமாக உட்கார்ந்து எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. அன்று மதியத்துக்குள் வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். பதினேழு பேரிடம் வாசலிலேயே அந்தக் கேள்வி. கேட்கப்படாத ஆறு பேரும் ஜோதி பார்த்தவர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. சொல்லிக்கொடுத்தது நான்கு நாள்கூட நிற்கவில்லை. புத்தியில்லாத பிள்ளைகள் என்று மனதுக்குள் திட்டினேன். மதியம் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தத் திட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

கம்மாபுரம் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஜோதி அவர்களை உள் அறையில் உட்காரவைத்து, இரட்டைக் கதவு பிரிட்ஜைத் திறந்து திறந்து காட்டினாள். அந்தப் பெண் காய்கறித் தட்டை இழுத்துப் பார்த்து, மூடி, மறுபடி இழுத்துப் பார்த்தாள். நாற்பது நிமிடம் ஆனது. இடையில் ஓர் அதிகாரி வீட்டு அம்மாள் வந்தார், மற்ற விற்பனையாளர்கள் வேலையாக இருந்ததால் சற்று நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் பில் போடும் இடத்தில், கையெழுத்துப் போடப் பர்மனெண்ட் ஆள் இல்லை என்று கம்மாபுரத்துக்காரர்களும் எழுந்து போனார்கள்.

கல்லாவிலிருந்து தண்டபாணி எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டான்.

"ஜோதி, யாரு அவங்க?"

"கம்மாபுரங்க. புது வூடு கட்டிக்கினு இருக்காங்களாம்."

"பர்மனெண்டா?"

"வாசல்ல கேக்கலீங்க."

"கேக்கலயா? நாப்பது நிமிஷம் டபுள் டோர் காட்டினியே, கேக்கவே இல்லியா?"

"பெரிய சார்தான் வாசல்ல கேக்க வேணாம்னு சொன்னாருங்க."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பெரிய சார் இருபத்தோராம் தேதி பிளேன் ஏறிடுவாரு. சம்பளம் குடுக்கிறது நானு. இந்த மாசத்தோட நின்னுக்கம்மா."

மற்ற நான்கு பேரும் துடைத்த பிரிட்ஜையே திரும்பத் துடைத்தார்கள். நான் இரண்டு நாளில் சொன்னதை அந்த ஒரு நிமிடம் ரத்து செய்துவிட்டது. நான் சொன்னபடி நடந்தவளுக்கு வேலை போகிறது, நடக்காதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைவிடத் தெளிவான பாடத்தை என்னால் எடுக்க முடியாது.

ஜோதியைத் தேடிப் போனேன். பின்கட்டில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"நீங்க சொன்னது நல்லாத்தான் சார் இருந்துச்சு. அந்தம்மா எவ்ளோ சந்தோசமா பாத்துது தெரியுமா? ஆனா நீங்க சொல்றபடி செஞ்சா வேலை போவுது, மொதலாளி சொல்றபடி செஞ்சா வேலை நிக்குது. நான் யாரு பேச்ச கேக்கறது, நீங்களே சொல்லுங்க."

திரும்பிப் போய் வாஷிங் மெஷின் ஓரம் உட்கார்ந்து, இந்தத் தடவை வேறு ஒன்றை எண்ணினேன். யார் முதலில் கேட்கிறார்கள் என்று. மாலைக்குள் விடை கிடைத்தது. பாதிக்கு மேல், விற்பனையாளர் வாயைத் திறப்பதற்குள், கல்லாவிலிருந்து குரல் வந்தது: "யாருப்பா அது, பர்மனெண்டா?" வகுப்பில் உட்காராத ஒரே ஆள், எல்லோரும் எந்நேரமும் பார்த்துக் கற்றுக்கொள்கிற ஆள்.

4

நான் கனடா வந்த புதிதில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே கேள்வி: கனடாவில் வேலை செய்த அனுபவம் உண்டா? வந்து பதினோரு நாள் ஆனவனிடம் கேட்பார்கள். இல்லை என்றால் புன்னகை செய்வார்கள், கையைக் குலுக்குவார்கள், கதவு வரை வந்து வழியனுப்புவார்கள். எனக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்கு அவர்கள் போகவே மாட்டார்கள். பதினான்கு இடத்தில் இப்படி. பதினைந்தாவது இடத்தில், மெத்தைக் கடையில், ஒரு கிழவர் உட்காரச் சொன்னார். அங்கேதான் இன்னமும் இருக்கிறேன்.

இதை மறுநாள் மதியம் சாப்பிடும்போது தண்டபாணியிடம் சொன்னேன். அவன் ரசத்தைக் குடித்துவிட்டுக் கேட்டான்.

"சரி. உன் கடையில கடன் கேக்கிறவங்கள நீ ஒண்ணும் கேக்கிறதில்லியா?"

"நான் கேக்கிறதில்ல. பேரைத் தட்டினா கம்ப்யூட்டர் சொல்லிடும், இவருக்குக் குடுக்கலாமா வேணாமான்னு."

"அப்ப மிஷின் கேட்டா மரியாதை, நான் கேட்டா அவமரியாதை. அப்படித்தானே?"

நியாயமான கேள்வி.

"மிஷின் வாசல்ல நின்னு கேக்கலடா. அவரு உக்காந்து, பாத்து, பிடிச்சிருக்குன்னு சொன்னப்புறம் கேக்குது."

"நாப்பது நிமிஷம் கழிச்சு இல்லைன்னு சொல்றது மட்டும் ரொம்ப மரியாதையோ?"

"வேற எதாவது சொல்லலாம். சின்னதா ஒண்ணு காட்டலாம், பாதிப் பணம் கட்டச் சொல்லலாம். வந்தவங்கள உள்ளயே விடாம இருந்தா என்னத்தச் சொல்றது?"

"அண்ணே, உனக்குத் தெரியாது. ஒரு தடவ கான்ட்ராக்ட் மாறிச்சு, பதினோரு பேரு ஒரே ராத்திரியில ஊரக் காலி பண்ணிட்டானுங்க. பதினோரு கிரைண்டர். இன்னிக்கு வரைக்கும் எங்க மாவாட்டுதுன்னு தெரியல."

"நீயே ஒம்பது வருஷம் கான்ட்ராக்ட்ல இருந்தவன்தானே" என்றேன். சுரங்கத்தில் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்துவிட்டு, பர்மனெண்ட் ஆகும் ஆகும் என்று காத்திருந்து, ஆகாமல் கடை வைத்தவன் அவன்.

"அதனாலதான் சொல்றேன். அப்ப ஒரு மிக்ஸி வாங்கினேன். அதுக்கு மூணு தவணை இன்னும் பாக்கி" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"எங்க வாங்கின?"

"பண்ருட்டியில."

"ஏன், இங்க கடை இல்லியா?"

அவன் சிரிப்பு நின்றது. தட்டில் விரலால் சோற்றை ஒதுக்கிக்கொண்டே இருந்தான்.

"இங்க ஒருத்தனும் உக்காருன்னு சொல்லல" என்றான்.

கை கழுவிவிட்டு வந்து, துண்டால் துடைத்தபடி அவன் சொன்னான்.

"நீ இருக்கிற வரைக்கும் ஜோதி இருக்கட்டும். ஆனா நீ பிளேன் ஏறினா உன் பாடமும் கூடவே ஏறிடும். எழுதி வச்சுக்க. நின்னு பாத்துக்கறதா இருந்தா சொல்லு. இல்லன்னா முப்பத்தொண்ணாம் தேதி அவ கணக்க முடிச்சிடறேன்."

நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் பேத்தி நினைவு வந்தது.

5

என் மகனின் மகள் நிலா, ஆகஸ்ட் கடைசியில் ஹாலிஃபாக்ஸில் பல்கலைக்கழகம் சேர்வதாக இருந்தது. காரில் இரண்டு நாள் பயணம். நான் கூட வருவதாகச் சொல்லியிருந்தேன். அவளுக்கும் எனக்கும் இடையில் இப்போது இருப்பது சில தமிழ்ச் சொற்களும் கார்ப் பயணங்களும்தான். காரில் மட்டும் அவள் காதிலிருந்து அந்தப் பாட்டுக் கருவியைக் கழற்றுவாள்.

"வரலன்னா வரலன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றாள் என் மனைவி தொலைபேசியில். நிலா வாங்கி, "பரவாயில்லை தாத்தா" என்றாள். அந்தச் சொல்லைச் சரியாக உச்சரித்தாள். அதுதான் என்னவோ செய்தது.

விமான நிறுவனத்துக்குப் பேசினேன். ஒரு மணி நேரம் இசை கேட்ட பிறகு, பயணத்தை நீட்டிக்கக் காரணம் கேட்டார்கள். நோய், மரணம், திருமணம் என்று மூன்று வகை இருக்கிறதாம். தம்பி கடையில் ஒரு கேள்வியை இடம் மாற்ற வேண்டும் என்று சொல்ல முடியுமா? 'மற்றவை' என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆகஸ்ட் 21 அக்டோபர் 9 ஆனது.

இந்தத் தடவை மாடிக்குப் போகவில்லை. காலையில் கடை திறக்குமுன் பத்து நிமிடம், விற்கும் இடத்திலேயே. ஒரே நிபந்தனை, முதலாளியும் நிற்க வேண்டும். முதல் நாளே தண்டபாணியை விற்பனையாளராகவும் ஜோதியை வாடிக்கையாளராகவும் நிறுத்தினேன். அவள் வெளியே போய், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிஜமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"ஃபேன் பாக்கணுங்க."

"வாம்மா, வா. பர்மனெண்டா?"

கடை முழுக்கச் சிரிப்பு. அவனுக்கே தெரியாமல் வந்துவிட்டது. முகம் கறுத்துவிட்டது.

ஜோதி விடவில்லை. "ஏங்க, பர்மனெண்டுன்னாத்தான் ஃபேன் சுத்துமா? எங்க வூட்டுக்கு வந்தா சுத்தாதா?"

தண்டபாணி விருட்டென்று டீக்கடைக்குப் போய்விட்டான். போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து வந்தான். "இன்னொரு தடவ வெளிய போயிட்டு வா" என்று ஜோதியிடம் சொன்னான்.

இரண்டாவது வாரம் கல்லாவையே இடம் மாற்றினோம். அது வாசலைப் பார்த்து இருந்தது. அங்கே உட்கார்ந்தால் யாருக்கும் அந்தக் கேள்விதான் வரும். அதைப் பின்சுவர் ஓரம், பில் போடும் மேசையோடு சேர்த்துப் போட்டோம். பாதிப் பணம் கட்டினால் ஜாமீன் இல்லாமலே தரலாம் என்று மூன்று பொருள்களுக்குத் தண்டபாணி ஒப்புக்கொண்டான். முனகிக்கொண்டுதான் ஒப்புக்கொண்டான். வாய்தவறி யாராவது கேட்டுவிட்டால் திட்டு இல்லை. 'உக்காருங்க' என்று சொல்லி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் முதல் தேதி காலையில் ஜோதி வந்து ஷட்டருக்கு வெளியே நின்றாள். மற்ற நால்வரும் உள்ளே போய்விட்டார்கள். தண்டபாணி என்னிடம் சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அவன் வாயால் அவள் கேட்கவில்லை. இந்த மாதத்தோடு நின்றுகொள் என்றவன் அவன்தானே. தண்டபாணி அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னம்மா, நீ உள்ள வர்றதுக்கும் கேள்வி கேக்கணுமா?"

அவள் உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்தாள்.

நான் கொஞ்சம் கொஞ்சமாக விலகினேன். முதல் மூன்று வாரம் தினமும் போனேன். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு சொல்லாமல், எந்த நேரமும். ஆறாவது வாரம் முழுக்கப் போகவே இல்லை. கடைசி வாரத்தில் நான் பார்த்த அளவில் அந்தக் கேள்வி வாசலில் இரண்டே தடவை கேட்டது. இரண்டும் தண்டபாணி.

கிளம்பும் நாளில், "நான் போனப்புறம் ஜோதி?" என்று கேட்டேன்.

"நீ போ, பாக்கலாம்" என்றான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அட்லாண்டிக்கின் மேலே பறந்தபோதும் அந்தப் 'பாக்கலாம்'தான் காதில் இருந்தது. வந்த பிறகும் நான் கேட்கவில்லை. கேட்டால் கெட்ட பதில் வந்துவிடுமோ என்று பயம். தீபாவளிக்கு வாழ்த்துச் சொன்னபோதுகூட மழையைப் பற்றித்தான் பேசினோம்.

6

தலைமை அலுவலகத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்பதால் இன்று காலை துணிந்து தண்டபாணியின் எண்ணை அழுத்தினேன். அங்கே மாலை நான்கே முக்கால். போகிப் பண்டிகை, பொங்கல் வியாபாரம். எடுத்தது பெண் குரல்.

"யாரு, பெரிய சாரா? ஜோதி பேசறேங்க. மொதலாளி கஸ்டமர்கிட்ட இருக்காரு. வாஷிங் மெஷின் காட்டிக்கினு இருக்காரு."

"வாசல்ல கேட்டாரா?" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அததான் சார் நின்னு பாத்துக்கினே இருக்கேன். வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டாரு. இப்ப வூட்ல தண்ணி உப்பான்னு கேக்கறாரு."

மற்றவர்களைப் பற்றியும் சொன்னாள். நால்வரில் ஒருவர் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டார். மூவர் இருக்கிறார்கள், வாசலில் கேட்பதில்லை. கம்மாபுரத்துக்காரர்கள் திரும்பி வரவில்லை, எங்கேயோ வாங்கிவிட்டிருப்பார்கள். பதினோரு கிரைண்டர்களும் திரும்பவில்லை. தீபாவளி வியாபாரம் முந்தின தீபாவளியைவிடக் கொஞ்சம் மேல், ரொம்ப மேல் இல்லை.

பிறகு தண்டபாணி வாங்கிப் பேசினான். "அண்ணே, நீ இங்க நின்ன செலவ நான் கணக்குப் போட்டேன். அந்தக் காசுக்கு ஜோதிக்கு ஒண்ணரை வருஷத்துக்கு மேல உக்கார வச்சுச் சம்பளம் குடுத்திருக்கலாம். இதெல்லாம் ஒரு வியாபாரமா?"

"அவள நிப்பாட்டலியே நீ."

"பில் போடறதும் அவதான் இப்ப. நிப்பாட்டினா யாரு போடுவா?" என்று எரிந்து விழுந்தான். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டான்.

தலைமை அலுவலகத்துக்கு இப்படி எழுதினேன்: இங்கே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. வேறோர் இடத்தில் ஐவரில் நால்வர், அவர்களோடு வகுப்புக்கே வராத ஒருவர். இரண்டு நாள் பாடம் நான்கு நாள் நின்றது. ஏழு வாரம் கூட நின்றதால் மூன்று மாதமாக நிற்கிறது. ஆறு மாதம் நிற்குமா என்று ஏப்ரலில் சொல்கிறேன். உங்கள் கடைகளில் மேலாளர்களை முதலில் வகுப்புக்கு அனுப்புங்கள். என் வயதுக்கு இதற்கு மேல் ஆலோசனை இல்லை.

செலவையும் எழுதிவைக்கிறேன், தண்டபாணி போட்ட கணக்கு சரிதானா என்று பார்க்க. பயணச்சீட்டை மாற்றியதற்கு 412 டாலர். பயணக் காப்பீட்டை ஏழு வாரம் நீட்டியதற்கு 538. போகாமல்போன பதினான்கு நாள் வேலைக்கு 1,904. நிலாவோடு ஹாலிஃபாக்ஸுக்குப் போகாமல்விட்ட இரண்டு நாள் பயணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை, அதை விட்டுவிடுகிறேன். மொத்தம் 2,854 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரம் ரூபாய். ஜோதியின் ஒன்பதாயிரத்தில் பத்தொன்பது மாதச் சம்பளம், தண்டபாணியின் கணக்கு சரிதான்.